இன்மை எனக் கருதப்படும்

மணி மூன்று பத்து. வட்டம் சுற்றுகிறது, சுற்றட்டும். டெல்லியில் யாரோ கட்டிய இந்த வலைதளம் ஓர் எண்ணை விழுங்க நாற்பது விநாடி எடுத்துக்கொள்கிறது. விழுங்கியபின் பிடிக்கவில்லை என்று சிவப்புக் கட்டம் போட்டுத் துப்புகிறது. ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். மாநிலம் முழுவதும் பச்சை, பள்ளி மானியம் பச்சை, நூலகம் பச்சை, கழிப்பறைகூடப் பச்சை, உண்மையில் அந்தக் கழிப்பறைகளில் பச்சையாக இருப்பது பாசி மட்டும்தான், அதைக் கேட்க இங்கே கட்டமில்லை. ஒரே ஒரு வரி சிவப்பு. சேர்வமலை ஒன்றியம், பள்ளிக்கு வர இயலாமல் வீட்டிலேயே பயிற்சி பெறும் மாற்றுத்திறன் குழந்தைகள், சென்ற ஆண்டு பூஜ்யம், இவ்வாண்டு நாற்பத்தொன்று. மாறுபாடு வரம்பை மீறுகிறது, காரணம் தருக என்கிறது. ஆங்கிலத்தில்தான் சொல்கிறது, நான்தான் எதையும் மனதுக்குள் தமிழில் மாற்றிப் படிப்பேன், முப்பத்து நான்கு வருஷ வியாதி. மத்திய அரசை ஒன்றிய அரசு என்று எழுதச் சொன்ன பிறகு இன்னொரு வேடிக்கை சேர்ந்துகொண்டது, சேர்வமலை ஒன்றியம் டெல்லி ஒன்றியத்துக்கு அறிக்கை தருகிறது, நடுவில் ஏழாவது மாடியில் கண்காணிப்பாளர் திருமேனிநாதன், அதாவது நான், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு பிளாஸ்டிக் வாளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சொட்டு. வட்டம். சொட்டு. பூஜ்யத்திலிருந்து நாற்பத்தொன்று எப்படி முளைக்கும் என்று கேட்கிறது இயந்திரம். நியாயமான கேள்வி. ஒரு வருஷத்துக்கு முன்பு, நாற்பத்தொன்று எப்படி பூஜ்யமாகிறது என்று இதே இயந்திரம் கேட்கவில்லை. இறங்கும்போது வாயைத் திறக்காது, ஏறும்போது மட்டும் ஏன் என்று கேட்கும். இதை எழுதியவனைப் பிடித்து சேர்வமலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளிலும் நடக்கவிட வேண்டும், செருப்பில்லாமல், மே மாதத்தில்.

காரணம் தருவதும் என் இஷ்டத்துக்கு இல்லை. அம்புக்குறியை அழுத்தினால் மூன்று காரணங்கள் தொங்குகின்றன, அதில் ஒன்றைப் பறிக்கலாம். இடம்பெயர்ந்து வந்தவர்கள். புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள். சென்ற ஆண்டின் தரவுப் பிழை. மூன்றாவதைத் தொட்டால் கீழே ஒரு பெட்டி திறந்து, பொறுப்பான அலுவலரின் பெயரும் பதவியும் கேட்கிறது. தொட்டேன், திறந்தது, பயந்து மூடினேன். பயந்து என்று எழுதினால் பொய்யில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் இணை இயக்குநர் கருணாம்பாள் மேடம் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார், கையில் பயணப்பை, ஆறரைக்கு விமானம். "திருமேனி சார், இன்னுமா ஒரு வரி?" என்றார். சேர்வமலை என்றேன். "போன வருஷமே நில் ரிப்போர்ட்தானே? இந்த வருஷமும் நில்லு போட்டுடுங்களேன்." பிள்ளைகள் இருக்கிறார்கள் மேடம், நாற்பத்தொரு பேர், பட்டியல் வந்திருக்கிறது என்றேன். ஒரு கணம் யோசித்தார். கெட்டவரில்லை, கெட்டவராக இருந்தால் கோபப்பட வசதியாக இருந்திருக்கும். "அப்ப புதுசா கண்டுபிடிச்சோம்னு போடுங்க. மலையில சர்வே பண்ணி நாப்பத்தொரு பேரைக் கண்டுபிடிச்சோம். அழகா இருக்கு பாருங்க, சாதனை மாதிரி." அழகா. முப்பத்து நான்கு வருஷமாக இந்த மாடியில் அழகாக இருந்தது எல்லாமே பொய்தான். புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் என்றால் மருத்துவ முகாம் போட வேண்டும், முகாம் அறிக்கை வர வேண்டும், அடுத்த ஆண்டுத் திட்டக்கூட்டத்தில் வைத்து ஒப்புதல் வாங்க வேண்டும், பிசியோதெரபிஸ்ட் மலையேறுவது பதினைந்து மாதம் கழித்து. அதைச் சொன்னேன். "எல்லாத்துக்கும் ஒரு ப்ரொசீஜர் இருக்கு இல்ல சார்" என்றார், கடிகாரத்தைப் பார்த்தார், "நாலரைக்கு நான் கையெழுத்து ஏத்திடறேன், பச்சையாக்கி வைங்க" என்று போய்விட்டார். பயணப்பையின் சக்கரம் தரையில் கடகடவென்று வராந்தா முழுக்கக் கேட்டது.

பதினைந்து மாதம் என்பது எனக்கு ஓர் எண். ஒன்பது வயதுப் பிள்ளையின் முழங்காலுக்கு அது என்ன என்று எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் இன்று காலை பதினோரு மணியோடு அந்த வசதியும் போயிற்று. சகாயமேரி அழைத்தாள். சேர்வமலையில் ஆறு வருஷம் வீடுவீடாகப் போன பிசியோ, போன ஜூனில் பணியிடம் ரத்தாகி இப்போது கீழே டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில், கிரிக்கெட் ஆடித் தோள் பிசகிய வியாபாரிகளுக்கு ஐஸ் கட்டி வைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போயிருந்தாளாம். "மோனிஷாவைப் பார்த்தேன் சார். ஞாபகம் இருக்கா, ரெண்டு வருஷம் முன்னாடி உங்க வெற்றிக்கதை புத்தகத்துல போட்டோ போட்டீங்களே, சுவரைப் பிடிச்சு நிக்கிற மாதிரி." இருக்கிறது. முப்பத்திரண்டாம் பக்கம், தலைப்பு நான் வைத்ததுதான், இங்கே சொல்லக் கூசுகிறது. "இப்ப நிக்க முடியல சார். முட்டி மடங்கினது மடங்கினபடி இறுகிப்போச்சு. நான் நீட்டிப் பார்த்தேன், கத்திட்டா. அவங்க அம்மா தெனமும் எண்ணெய் போட்டு இழுக்கறாங்க, ஆனா எப்படி இழுக்கணும்னு தெரியாம இழுக்கறாங்க." நான் பட்டியலைத் திரும்ப அனுப்பச் சொன்னேன், இன்றைக்குக் கடைசி நாள் என்றேன், அக்கறையுள்ள அதிகாரியின் குரலில். அந்தக் குரல் எனக்கு நன்றாக வரும். "அதே பட்டியல்தான் சார்" என்றாள். "போன வருஷம் அனுப்பினதேதான். ஒரு பேரும் மாறல."

ரெஜினா டீ கொண்டுவந்து வைக்கிறாள். தரவுப் பதிவாளர், பதினொரு வருஷமாகத் தற்காலிகம், இந்த மாடியில் நிரந்தரமாக வேலை செய்கிற ஒரே ஆள். "என்ன சார், இன்னும் முறைச்சுக்கிட்டே இருக்கீங்க? கம்ப்யூட்டரா பயப்படப் போவுது?" டீயில் சர்க்கரை அதிகம். சொன்னேன். "ரிட்டையர் ஆகப்போறவருக்கு ஸ்பெஷல்" என்றாள். நான்கு மாதம் இருக்கிறது. ஆளுக்கு இருநூறு வசூலித்துப் பொன்னாடை வாங்கிவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும், பச்சைப் பட்டில் ஜரிகை, ரெஜினாவின் அலமாரியில் இருக்கிறது, பார்க்காதவன்போல நடந்துகொள்கிறேன். பார்க்காதவன்போல நடந்துகொள்வது எனக்குப் புதிதில்லை. இதை நினைத்தவுடன் டீயை அவசரமாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்கிறேன். "மெதுவா சார்" என்கிறாள்.

இன்மை அறிக்கை. ஆங்கிலத்தில் நில் ரிப்போர்ட். அரசாங்கத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதன் மகத்துவம் புரியாது. ஒன்றும் இல்லை என்றாலும் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு முத்திரை வைத்து அனுப்ப வேண்டும், இல்லாமைக்கும் ஒரு தாள் வேண்டும். அதுவரை சரி, அதில் ஒரு தத்துவம்கூட இருக்கிறது. தர்க்க சாஸ்திரக்காரர்கள் இன்மையை நான்காகப் பிரித்தார்கள், தோன்றுமுன் இல்லாமை, அழிந்தபின் இல்லாமை, எக்காலத்தும் இல்லாமை, ஒன்று இன்னொன்றாக இல்லாமை. ஐந்தாவதை இந்த அலுவலகம் கண்டுபிடித்தது: ஐந்து மணிக்குள் வராமை. இந்த நகைச்சுவையைப் பிரிவுபசார விழாவில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். கண்டுபிடித்தது அலுவலகம் என்பதும் பொய், நான்தான். இருபது வருஷத்துக்கு முன்பு, உதவியாளராக இருந்தபோது, மாவட்டங்கள் அறிக்கை அனுப்பாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்த ஒரு மழைக்காலத்தில், கடிதத்தின் கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்தேன். 'குறித்த நேரத்திற்குள் அறிக்கை வரப்பெறாவிடில் இன்மை எனக் கருதப்படும்.' அப்போதைய இயக்குநர் அதன் கீழே சிவப்பு மையில் கோடிழுத்து நன்று என்று எழுதினார். அடித்தல் திருத்தல் இல்லாத வாக்கியம். யார் கருதுவது என்று சொல்லாத வாக்கியம், அதுதான் அதன் நேர்த்தி, கருதுகிறவன் ஒருவன் இருக்கிறான் என்பதே தெரியாது, மழை பெய்வதுபோலத் தானாகக் கருதப்படும். அந்த வருஷம் முப்பது மாவட்டமும் நேரத்துக்கு அனுப்பின. பிறகு எல்லாத் துறைக் கடிதங்களிலும் அந்த வாக்கியத்தைப் பார்த்தேன், நகல் எடுத்து நகல் எடுத்து, மாதிரிப் படிவத்திலேயே ஏறிவிட்டது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கையில் இருந்த ஏதோ மீன்வளத் துறைக் கடிதத்தில் பார்த்து, இது நான் எழுதியது என்று சொல்லத் துடித்திருக்கிறேன். சொல்லவில்லை. வீட்டில் மனைவி சுலோசனாவிடம் சொன்னேன். "அறிக்கை வரலன்னா போன் பண்ணிக் கேக்க மாட்டீங்களா?" என்றாள். இருபது வருஷத்தில் அந்த வாக்கியத்தின்மீது எழுந்த ஒரே விமர்சனம் அது. கேலி செய்து அனுப்பினேன், நிர்வாகம் என்றால் என்ன தெரியுமா உனக்கு என்று.

மணி மூன்று ஐம்பத்தைந்து. கோபம் வருகிறது, யார்மேல் என்று தேடுகிறேன். வலைதளம் கட்டியவன்மேல், சரி. அழகாக இருக்கிறது என்கிற மேடம்மேல், சரி. ஜூனில் பணியிடம் ரத்து என்று உத்தரவு போட்டபோது நாற்பத்தொரு பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று ஒருவரும் கேட்காத திட்டக்கூட்டத்தின்மேல். அந்தக் கூட்டத்தில் முந்திரிப் பக்கோடா கொடுத்தார்கள், நானும் போயிருந்தேன். சேர்வமலை, பயனாளிகள் இன்மை, பணியிடம் தேவையில்லை என்று ஒருவர் படித்தார், அடுத்த வரிக்குப் போனார், நான் பக்கோடாவில் முந்திரியைத் தேடிக்கொண்டிருந்தேன். மலையில் சிக்னல் இல்லாததன்மேல். போன வருஷம் சகாயமேரி பட்டியலை எழுதி, வட்டார வள மையத்தில் இணையம் வேலை செய்யாமல், போட்டோ எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் பதினோராம் வளைவு வரை நடந்துவந்து அனுப்பியிருக்கிறாள். கோபப்பட ஆள் இருக்கிறார்கள், வரிசையாக இருக்கிறார்கள், ஒவ்வொருவராகத் தள்ளிவிட்டு வரிசையின் கடைசியில் பார்த்தால் வாளி, சொட்டுகிற தண்ணீர், அதில் என் முகம், காதோரம் மயிர்.

ஏனென்றால் அந்தப் போட்டோ வந்தது. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, எனக்கே முழு வாக்கியமாகச் சொல்லிக்கொள்ளவில்லை, வாக்கியங்களில் இவ்வளவு பிரியமுள்ளவன். போன மார்ச் முப்பத்தொன்று. ஐந்து மணிக்கு, வராத ஒன்றியங்கள் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டேன், நான்கு ஒன்றியம், ஒரு நிமிஷ வேலை. ஆறு இருபதுக்கு நான் இதே நாற்காலியில் இருந்து எழுந்து பையை மாட்டிக்கொண்டபோது கைப்பேசி அதிர்ந்தது. கோடு போட்ட தாள், நீல மை, வரிசை எண் ஒன்று முதல் நாற்பத்தொன்று வரை, பெயர், வயது, எந்த ஊர், எந்தக் கால், எந்தக் கை. பெரிதாக்கிப் பார்த்தேன். ஆமாம், இரண்டு விரலால் விரித்துப் பார்த்தேன். ஏழாவது வரி மோனிஷா. அந்த வருஷம் வலைதளம் நள்ளிரவு வரை திறந்திருந்தது. இயந்திரம் அணைந்திருக்கவில்லை, திரை மட்டும்தான் இருண்டிருந்தது. ஒரு விசையைத் தட்டியிருந்தால் விழித்திருக்கும். ஆறு நாற்பதுக்குத் தாம்பரம் ரயில், அதை விட்டால் அடுத்ததில் நிற்கக்கூட இடமிருக்காது. ரயிலுக்காகத்தான் போனேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம், அதில் ஒரு மனிதத்தன்மை இருக்கிறது. ரயில் மட்டும் இல்லை. ஐந்து மணி என்றால் ஐந்து மணி, ஆறு இருபதுக்கு வந்ததை ஏற்றால் அந்த வாக்கியத்துக்கு என்ன மரியாதை என்று தோன்றியது. தெளிவாகத் தோன்றியது, படிக்கட்டு இறங்கும்போது. கருதப்படும் என்று எழுதியாகிவிட்டது, கருதப்பட்டுவிட்டது. ரயிலில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. காற்று நன்றாக இருந்தது. சைதாப்பேட்டை தாண்டும்போது தூங்கிவிட்டேன்.

இன்று காலை சகாயமேரி பேச்சின் முடிவில், வைக்கிறேன் சார் என்று சொல்லிவிட்டு வைக்காமல் இருந்தாள். பின்னணியில் யாரோ டோக்கன் எண் கூப்பிட்டார்கள். "சார், ஒண்ணு சொல்லட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்கு வாட்ஸப்ல ரெண்டு டிக்கும் நீலமாச்சு சார். ஒரு நிமிஷத்துலயே. நான் வளைவுலயே நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். அப்பாடா, சார் பார்த்துட்டாருன்னு கடைசி பஸ்ஸைக்கூட விட்டுட்டேன், பரவால்லைன்னு நடந்தே போனேன்." மறுபடி டோக்கன் எண் கூப்பிட்டார்கள். "யார்கிட்டயும் சொல்லல சார். சொல்லி என்ன ஆகப்போவுது? இந்தத் தடவை கொஞ்சம் பார்த்துக்கோங்க." திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நான் பதிலுக்குச் சுற்றறிக்கை எண்ணும் நாளும் சொல்லியிருப்பேன். பார்த்துக்கோங்க என்கிறாள்.

அடிக்குறிப்பு. வழிகாட்டிக் கையேடு, எண்பத்து மூன்றாம் பக்கம், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்குக்கருகே வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில். இந்த மாநிலத்தில் அடிக்குறிப்பு படிக்கிறவன் நான் ஒருவன்தான், கருணாம்பாள் மேடம் முதல் பக்கத்துப் படத்தோடு சரி. சென்ற ஆண்டின் எண் தவறு என்பது அந்த ஆண்டின் பதிவேற்றம் முடிவதற்கு முன்பே மாநில அலுவலர் எவருக்கேனும் தெரிந்திருந்து, அதற்கு ஆதாரமும் இருந்தால், ரத்தான பணியிடம் புதிய ஒப்புதல் இன்றி உடனே மீளும். பின்னால் தெரியவந்த பிழை என்றால் புது முன்மொழிவு, பதினைந்து மாதம். இதுதான் அடிக்குறிப்பு. நான்கு நாளாக அது என் சட்டைப்பையில் கிடக்கும் தணல். நான் வாயைத் திறக்காவிட்டால் இப்படி ஒரு வழி இருப்பதே யாருக்கும் தெரியாது. புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் என்று பறித்துப் போட்டால் வரி பச்சையாகும், மேடம் விமானம் ஏறுவார், ஜூலையில் எனக்குப் பொன்னாடை. தரவுப் பிழை என்று போட்டு இன்றைய தேதி கொடுத்தால் ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு போகும், நேர்மையாளன் என்றுகூடச் சொல்வார்கள். ஆனால் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றுதான், பதினைந்து மாதம். அன்றைக்கே தெரியும் என்று எழுதினால் மட்டும் சகாயமேரி திங்கட்கிழமை மலையேறலாம். அன்றைக்கே தெரிந்தும் திருத்தவில்லை என்று எழுதுகிறவனுக்கு என்ன வரும் என்பதும் எனக்குத் தெரியும், அந்தக் குறிப்பாணைகளுக்கு வரைவு எழுதிக்கொடுப்பதே நான்தான். 'தெரிந்தே கடமை தவறியமை.' அதுவும் நல்ல வாக்கியம். ஓய்வுபெற விடமாட்டார்கள், விசாரணை முடியும்வரை நிறுத்தி வைப்பார்கள், மூன்று வருஷம், நான்கு வருஷம், ஓய்வூதியம் பாதி, பெருங்களத்தூர் வீட்டுக்கடன், சுலோசனா. சுலோசனா என்ன சொல்வாள். போன் பண்ணிக் கேக்க மாட்டீங்களா என்று அப்போதே சொன்னேனே என்பாளா. மாட்டாள். அதுதான் தாங்காது.

நான்கு இருபது. முழங்கால் எப்படி இறுகும்? மேசைக்கடியில் என் வலது காலை நீட்டுகிறேன், நீள்கிறது, வாளியைத் தொடுகிறது, எந்தப் பெருமையும் இல்லாமல் நீள்கிறது. மடக்கி வைத்து ஒன்பது மாதம் யாரும் தொடாமல் இருந்தால். அவள் கத்தினாளாம். எந்தச் சத்தத்தில் என்று ஏன் யோசிக்கிறேன், முட்டாளே, ஐம்பத்தொன்பது வயது முட்டாளே, இலக்கணம் தெரிந்த முட்டாளே. முதல் கட்டம், இவ்வாண்டு எண்ணிக்கை, நாற்பத்தொன்று. காரணம், மூன்றாவது. பெட்டி திறக்கிறது. பொறுப்பான அலுவலர், திருமேனிநாதன், கண்காணிப்பாளர். தலைப்பெழுத்தை மறந்துவிட்டேன், சேர்க்கிறேன். ஆதாரம் இணைக்க. கைப்பேசியில் மேலே தள்ளிக்கொண்டே போகிறேன், காலை வணக்கங்கள், பூக்கள், சுற்றறிக்கைகள், மறுபடி பூக்கள், இதோ கோடு போட்ட தாள், மூலையில் மாலை 6.20. அழிக்கவில்லை. அழிக்காமல் ஏன் வைத்திருந்தேன் என்று தெரியவில்லை, தெரிந்ததாக இப்போது பாவனை செய்யவும் விரும்பவில்லை. திரையோடு படமெடுத்து ஏற்றுகிறேன். கோப்பு பெரிது என்று துப்புகிறது. "ரெஜினா" என்று கத்துகிறேன், என் குரல் எனக்கே அசிங்கமாக இருக்கிறது. ஓடி வருகிறாள், "ஏன் சார் இந்தக் கத்து? சின்னதாக்கணும், அவ்வளவுதானே" என்று என்னை நகரச்சொல்லிவிட்டுத் தட்டுகிறாள். "மேல டைம், அனுப்பினவங்க பேரு எல்லாம் வருது. வெட்டிடவா?" வேண்டாம் என்கிறேன், அதுதான் வேண்டும். ஏறிவிட்டது. கடைசிக் கட்டம். பிழை தெரியவந்த நாளும் நேரமும். நானே தட்டுகிறேன், ஒவ்வொரு எண்ணாக, சென்ற வருஷம், மார்ச், முப்பத்தொன்று, பதினெட்டு இருபது.

ரெஜினா என் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்க்கிறாள். "சார், வருஷம் தப்பாப் போட்டுட்டீங்க."

"இல்லம்மா. சரியாத்தான் போட்டிருக்கேன்."

அவள் திரையைப் பார்த்தாள், மேசைமேல் கிடந்த கைப்பேசியைப் பார்த்தாள், பிறகு என்னை. வராந்தாவில் பயணப்பைச் சக்கரம் கடகடவென்று நெருங்கி வருகிறது, மணி நான்கு இருபத்தெட்டு. வரி பச்சையாகிவிட்டது. கைப்பேசியை எடுத்து சகாயமேரியின் எண்ணை அழுத்துகிறேன். ஒரு முறை அடிக்கிறது, இரண்டு முறை அடிக்கிறது. எடுக்காவிட்டால் இன்னொரு தடவை அடிப்பேன்.